பனிக்காட்டில் இரண்டு ரேடியோ

பனி மூடிய காட்டுப் பாதையில் ஒரு குடும்பம். அப்பா கையில் ஜிபிஎஸ், அம்மா தோளில் பொழுதுபோக்காகப் பேசுபவர்களின் ஹாம் ரேடியோ, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு குச்சி. ஜிபிஎஸ்ஸை யாரும் ரேடியோ என்று நினைப்பதில்லை. ஆனால் இரண்டுமே ரேடியோதான். ஒன்றுக்குக் கேட்க மட்டும் தெரியும். மற்றதற்குப் பேசவும் தெரியும். குளிர்காலம் இந்த இரண்டுக்கும் சில விஷயங்களில் கைகொடுக்கிறது, சிலவற்றில் காலை வாருகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஜியோகேச்சிங்குக்கும் ஹாம் ரேடியோவுக்கும் கோடையைவிடக் குளிர்காலமே மேல் என்பது என் கட்சி.

ஜியோகேச்சிங் என்பது இதுதான்: யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே இருக்கும் லாக் புத்தகத்தில் பெயர் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பிறந்த தேதியைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய பொழுதுபோக்குகள் அதிகமில்லை, இதற்குச் சொல்லலாம். பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அதனால் கருவி நூறு மீட்டர் வரை தள்ளி இடம் காட்டும். 2000 மே 2, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவில் அந்தக் கலப்படம் நின்றது. மறுநாளே, மே 3 அன்று, ஒரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து எண்களை வெளியிட்டார். உள்ளே வீடியோ, புத்தகம், கவண், போதாதற்கு ஒரு டின் பீன்ஸ். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜிபிஎஸ் இடத்தைக் கண்டுபிடிப்பது உண்மையில் நேரத்தை அளந்துதான். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக் கடிகாரத்தைப் பார்த்து, 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி நம் கைக்கு வந்து சேர ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கிறது. மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். அப்புறம் நாலாவது எதற்கு? நம் கருவியில் இருக்கும் மலிவான கடிகாரத்தை நம்ப முடியாது என்பதற்காக. அது ஒரு மைக்ரோநொடி தவறினால் 300 மீட்டர் பிழை. நாலாவது சிக்னல் கிடைத்தால் அந்தக் கடிகாரப் பிழையையும் தெரியாத எண்ணாக வைத்துக் கணக்குப் போட்டு விடலாம். மேலே இருக்கும் கடிகாரங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஐன்ஸ்டீனின் சார்பியல் விதிப்படி அவை தரையில் இருப்பவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். அதனால் ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்து அனுப்புகிறார்கள்.

சிக்னலின் வலுவைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஒரு வாட்டைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி கோடி பங்காக்கி, அதிலும் நூறில் ஒன்றை எடுத்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் தரைக்கு வந்து சேர்கிறது. சுற்றியுள்ள இரைச்சலைவிடப் பல மடங்கு சன்னம். ஆனால் ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1023 துண்டுகள் கொண்ட தனக்கென ஒரு குறியீட்டை ஒவ்வொரு மில்லிநொடிக்கும் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. கருவிக்கு அந்தக் குறியீடு முன்பே தெரியும். தன்னிடம் உள்ள நகலை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறது. இரண்டும் சரியாகப் பொருந்தும் இடத்தில் இரைச்சலுக்குள்ளிருந்து சிக்னல் எழுந்து வருகிறது.

இவ்வளவு சன்னமான சிக்னலுக்கு எமன் தண்ணீர். ஜிபிஎஸ் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். ஈர இலைகள் அதை விழுங்கும். மரங்கள் திருப்பி அடிக்கும். திரும்பி வரும் அலை சுற்று வழியில் வருவதால் தூரக் கணக்கும் பிசகும். இலையுதிர் மரங்கள் மொட்டையாக நிற்கும் குளிர்காலத்தில் வானம் திறந்து கிடக்கிறது. கோடையில் அங்குமிங்கும் தாவும் அம்புக்குறி அதே காட்டில் ஜனவரியில் ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்வது இதனால்தான். பொடிப்பனி பிரச்சினை இல்லை, அலை அதற்குள் ஏறக்குறையத் தடையின்றிப் புகுந்து வந்துவிடும். உருகத் தொடங்கிய ஈரப்பனி அப்படியல்ல. பைன் கிளைகளில் அது கனமாகத் தொங்கினால் கோடை இலைகளைவிட மோசம். இன்னொரு எதிரி நாமே. குளிருக்குப் பயந்து கருவியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டால் உப்புத் தண்ணீராலான நம் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும். செல்போனில் தேடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜிபிஎஸ் கேட்க மட்டுமே செய்வதால் டவர் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பத்து மீட்டரில் கருவியைப் பையில் போட்டுவிடுவது நல்லது. ஒளித்தவரின் கருவியில் 5 மீட்டர் பிழை, தேடுபவரின் கருவியில் 5 மீட்டர் பிழை என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து சராசரியாக 7 மீட்டர் வரும். அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் 150 சதுர மீட்டருக்கு மேல். அவ்வளவு பனியையும் தோண்டித் தேடுவது நடக்கிற காரியமில்லை. நின்ற இடத்தில் நின்றால் அம்புக்குறியும் குழம்பும். இடம் மாறினால்தான் திசையை ஜிபிஎஸ்ஸால் கணக்கிட முடியும். இந்தக் கட்டத்தில் பிள்ளைகள்தான் கெட்டிக்காரர்கள். பெரியவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர்கள் மரப்பொந்தைப் பார்ப்பார்கள்.

பனிக்காலத்துக்கு ஏற்ற கேச்சுகளுக்கு, அதாவது ஒளித்து வைத்த டப்பாக்களுக்கு, இணையப் பக்கத்திலேயே தனிக் குறி போட்டிருப்பார்கள். தரையில் இல்லாமல் மரத்திலோ வேலியிலோ இருப்பவை அவை. கடினம், நிலப்பரப்பு இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போனால் நிலப்பரப்பு எண்ணைப் பாருங்கள், அதுவும் பனி இல்லாத காலத்துக்குப் போட்டது என்பதை மறக்காமல். பேனா மை உறைந்துவிடும், பென்சில் எழுதும். இன்னொன்று, முன்னால் வந்தவரின் காலடித்தடம் நேராக டப்பாவுக்கே கூட்டிப்போய்விடும். இது ஏமாற்று வேலையா என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளையோடு இருக்கும்போது இல்லை.

சரி, பேசத் தெரிந்த ரேடியோவுக்கு வருவோம். ஹாம் ரேடியோவுக்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். உரிமத்தோடு கால் சைன் என்ற அழைப்புக்குறி வரும். அமெரிக்காவில் வயது வரம்பே கிடையாது, பள்ளிப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். உரிமம் இல்லாதவர்கள் கையில் ஹாம் ரேடியோவைக் கொடுத்து அனுப்பக்கூடாது. அவர்களுக்கென்று ஐரோப்பாவில் 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் வாக்கி டாக்கியும், அமெரிக்காவில் அதைப்போல இன்னொரு வகையும் இருக்கின்றன.

நடைபயணத்துக்குப் பெரும்பாலும் 144 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் 2 மீட்டர் பேண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். கையடக்க ரேடியோவின் திறன் 5 வாட். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், அதனால் உயரம்தான் எல்லாம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமதரையில் நிற்கும் இரண்டு பேருக்குக் கணக்குப்படி 10 கிலோமீட்டர். மரமும் மேடும் குறுக்கிடும் காட்டில் அதில் ஒரு சிறு பகுதிதான் தேறும். அதே ஆள் நூறு மீட்டர் குன்றில் ஏறிவிட்டால் 40 கிலோமீட்டரைத் தாண்டும். ஐந்து வாட்டை ஐம்பது வாட்டாக்குவதைவிட ஒரு குன்று ஏறுவது லாபம்.

ரேடியோவோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா எனக்குப் பிடிப்பதில்லை. 2 மீட்டர் அலைக்குக் கால் அலை நீளம் அரை மீட்டர். அதைச் சுருளாக்கி ஒரு சாண் நீளத்துக்குள் அடைத்தால் திறன் போய்விடும். அரை மீட்டர் சவுக்கு ஆன்டெனா மாட்டினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டு பொழுதுபோக்கும் கைகோக்கும் இடம் ஏபிஆர்எஸ். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றிய பாப் புருனிங்கா உருவாக்கிய முறை இது. ஜிபிஎஸ் கேட்டுச் சொன்ன இடத்தை ரேடியோ ஒரு சிறு தரவுப் பொட்டலமாக்கி அனுப்பும். 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள், நொடிக்கு 1200 பிட்; காதில் கேட்டால் 'கிர்ர்' என்ற ஒரு சத்தம். வழியில் உள்ள நிலையங்கள் அதை வாங்கித் திரும்ப அனுப்ப, வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி வரைபடத்தில் பேரப்பிள்ளைகள் எந்த மேட்டில் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். வட அமெரிக்காவில் இதற்கு 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800.

எண்களே இல்லாமல் புதையல் தேட ஆசையா? நரிவேட்டை என்றொரு விளையாட்டு ஹாம்களிடம் ஜியோகேச்சிங்குக்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு. காட்டில் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரை ஒளித்து வைத்துவிடுவார்கள், அதுதான் நரி. அதன் சிக்னல் வரும் திசையைப் பிடித்துப் பிடித்துப் போக வேண்டும். இதில் உலகப் போட்டியே 1980 இல் போலந்தில் தொடங்கியது. ஐந்து டிரான்ஸ்மிட்டர்கள் முறைவைத்து ஆளுக்கு ஒரு நிமிடம் ஒலிக்கும், ஓடிக்கொண்டே தேட வேண்டும். குடும்ப விளையாட்டுக்கு அவ்வளவு வேண்டாம். திசை ஆன்டெனா இல்லாவிட்டாலும் உடம்பே போதும்: ரேடியோவை மார்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். சிக்னல் மிகவும் குறையும்போது நரி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸைக் கெடுத்த அதே உப்புத் தண்ணீர் இங்கே உதவிக்கு வருகிறது. வலுவான திசையைவிட வலுவிழக்கும் திசை கூர்மையாகத் தெரியும் என்பதால்தான் முதுகுப் பக்கத்தைத் தேடுகிறோம். நரியை நெருங்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிக்னல் மீட்டர் உச்சத்திலேயே நிற்கும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிடலாம், இல்லையென்றால் மூன்று மடங்கு அலைவரிசைக்கு மாற்றலாம். 145 மெகாஹெர்ட்ஸ் நரியிடமிருந்து அதன் மூன்று மடங்கிலும் சன்னமாகக் கசியும் சிக்னல் 435 இல் கேட்கும், அதுவும் பக்கத்தில் போனால் மட்டும்.

குறைந்த அலைவரிசைகளில் குளிர்காலம் இன்னும் தாராளம். இடிமின்னல் குறைவதால் இரைச்சல் குறைகிறது. அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் மேல்வானத்து அயனிமண்டலத்தில், பகலில் அவற்றை விழுங்கும் டி அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும், இரவோ நீளம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பியை, பக்கத்துக்குப் பத்து மீட்டராக, மொட்டைக் கிளைகளில் கட்டினால் சில வாட்டிலேயே பல நூறு கிலோமீட்டர் பேசலாம். உறைந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆகவே தரையை நம்பாத இந்த இருபக்கக் கம்பியே உத்தமம்.

குளிர்காலம் காலை வாருவது பேட்டரியில். லித்தியம் அயான் பேட்டரி குளிர்ந்தால் உள்ளே அயனிகளின் நகர்வு மந்தமாகி, மின்தடை ஏறும். மின்னோட்டம் அதிகம் இழுத்தால் வோல்டேஜ் சட்டென்று சரியும், கருவி காலியாகிவிட்டதாக நினைத்துத் தன்னையே அணைத்துக்கொள்ளும். 30 சதவீதம் காட்டிய செல்போன் பட்டென்று செத்துப்போவது இப்படித்தான். இங்கேதான் கேட்கும் ரேடியோவும் பேசும் ரேடியோவும் பிரிகின்றன. கேட்க மிகச் சிறிய மின்னோட்டம் போதும். பேசுவதற்கான பொத்தானை அழுத்தினால் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். மணிக்கணக்காக நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ, அவசரத்துக்குப் பேசப் போகும்போது அணைந்துவிடும். திறனை 5 வாட்டிலிருந்து 1 வாட்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் சிக்னல் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படிக்குச் சற்று மேல்தான் குறையும். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். குளிரில் படுத்த பேட்டரி சூடேறினால் பெரும்பாலும் எழுந்துவிடும். தனி ஜிபிஎஸ் கருவிக்கு சாதாரண ஆல்கலைன் செல் வேண்டாம், சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் டபுள் ஏ செல்கள் மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும்.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, அப்படியே சூடேற விடுங்கள். இல்லாவிட்டால் அறையின் ஈரக்காற்று சில்லென்ற சர்க்யூட் மேல் துளித்துளியாகப் படியும். சார்ஜரையும் அதுவரை தொட வேண்டாம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. காத்திருக்கும் நேரத்தில் கண்டுபிடித்த கேச்சுகளையும் பேசிய கால் சைன்களையும் அவரவர் லாக்கில் ஏற்றிவிடலாம். ஹாம் லாக்கில் மட்டும் நேரத்தை உலக நேரப்படி எழுதுங்கள்.