ஈக்விட்டியைச் சமத்துவம் என்று எழுதாதீர்கள்

அமெரிக்க நகரங்களில் உணவுப் பொட்டலத்துக்கும் குப்பைக்கும் போடும் விதிகளைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். மூலத்தில் 'ரேஷியல் ஈக்விட்டி' என்று இருந்த இடத்தில், முதல் பக்கத்திலேயே 'இனச் சமத்துவத் தாக்கங்கள்'. இந்த மாதம் இது நான்காவது முறை.

ஈக்விட்டிக்கு வேர் லத்தீன் 'ஏக்வஸ்', மேடுபள்ளம் இல்லாதது. ஈக்வாலிட்டியும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இங்கிலாந்தில் பொதுச் சட்டத்தில் வழி கிடைக்காதவர்களுக்குச் சான்சரி நீதிமன்றம் தந்த தீர்வுக்கு ஈக்விட்டி என்றுதான் பெயர், ஈக்வாலிட்டி இல்லை. ஈக்வாலிட்டி எல்லாருக்கும் ஒரே அளவு, ஈக்விட்டி அவரவர் நிலைமையைப் பார்த்துச் செய்யும் நியாயம். பங்குச் சந்தை ஈக்விட்டி வேறு கதை.

நியூயார்க் நகரில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாக்கோல் உணவுப் பெட்டிக்குத் தடை. எல்லாக் கடைக்கும் ஒரே விதி, அது சமத்துவம். பெரிய கடைகள் காகிதப் பெட்டியை லாரி லாரியாக மலிவாக வாங்கிவிடும், வந்தேறிய குடும்பம் ஒன்று நடத்தும் நூடுல்ஸ் கடையோ ஒவ்வொரு பெட்டிக்கும் கூடுதல் காசைக் கைப்பணத்திலிருந்து போட வேண்டும். அதனால்தான் ஆண்டு வருமானம் 5 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள கடை, மாற்றுப் பெட்டி கட்டுப்படியாகாது என்று காட்டினால் விலக்குக் கேட்கலாம் என்று வைத்தார்கள். இதுதான் ஈக்விட்டி. சரி, தடையே வேண்டாம் என்றால்? குப்பை எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும், சில ஊர்களில் அதை எரிக்கிறார்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் டெட்ராய்ட்டில் குப்பை எரி ஆலை 2019-இல்தான் மூடப்பட்டது, அதுவரை அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்து ஏழைகள். கடைக்காரர், புகைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், இரண்டு பேரையும் பார்க்கச் சொல்லும் சொல்லைச் 'சமத்துவம்' என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடுகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் இதற்கு 'ஒப்புரவு' என்கிறார்கள். எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் இங்கே பொருந்தாது. குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள்: ஊருணி நிறைந்தது போல என்று சொல்வது பேரறிவு உடையவனின் செல்வத்தை, அதாவது இருப்பவர் மனமுவந்து ஊருக்குக் கொடுப்பதை. நூடுல்ஸ் கடைக்காரர் யாருடைய கொடைக்காகவும் காத்திருக்கவில்லை, அவர் கேட்பது தன் உரிமையை. அப்புறம், தமிழ்க் கிறித்தவர்களுக்கு ஒப்புரவு என்றால் பிரிந்தவர் மீண்டும் ஒன்றுசேர்வது. கோயிலில் வாராவாரம் அதைக் கேட்பவர் 'இன ஒப்புரவு' என்று படித்தால் வெள்ளையரும் கறுப்பரும் சமாதானமானார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அகராதியில் இருக்கிறது என்பதற்காக, படிப்பவர் மனதில் ஏற்கெனவே குடியிருக்கும் பொருளைத் துரத்த முடியாது.

நம் கையிலேயே 'சமூகநீதி' இருக்கிறது. அதைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரே அளவு என்று யாரும் நினைப்பதில்லை, இடஒதுக்கீடுதான் ஞாபகம் வருகிறது. அந்த வழியில் 'இனநீதி' போதும். நீதி ஜஸ்டிஸுக்கு ஆயிற்றே என்பார்கள். ஜஸ்டிஸும் ஈக்விட்டியும் ஒரே வரியில் வந்தால் 'நீதியும் நேர்மையும்' என்று எழுதுங்கள், யாருக்கும் குழம்பாது.

அந்தத் 'தாக்கங்கள்' வேறு. விளைவு என்ற நல்ல சொல்லை விட்டுவிட்டு எதைத் தொட்டாலும் தாக்கம், புயல் தாக்கியதும் தாக்கம், விதி மாறியதும் தாக்கம். மூலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், படித்துப் பார்ப்பதில்லை. நான் இப்படித் திருத்தி அனுப்பினேன்: 'உணவுப் பொட்டல, குப்பை விதிகளால் இனநீதிக்கு என்ன ஆகிறது'.