போன் அணைந்த பிறகும் பச்சைப் புள்ளி ஏன்?

கார்த்திகை மழை, கல்லாற்றில் கரண்ட் இல்லை, அம்மாவின் போனும் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. ஆனாலும் செயலியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி கொஞ்ச நேரம் அப்படியே நின்றதாம். ஏன் என்று ஏறாவூர் மாணவி ஒருவர் கேட்கிறார்.

செயலியை ஒழுங்காக மூடினால், இணைப்பை முடிக்கிறேன் என்று போன் சேர்வருக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும். பற்றரி தீர்ந்தால் சொல்ல நேரமேது? சேர்வருக்குத் தெரிவது மௌனம் மட்டும். அம்மா சும்மா இருந்தாலும் மௌனம்தான், டவர் விழுந்தாலும் மௌனம்தான். அடியில் ஓடும் டிசிபிக்கு, அதாவது போனுக்கும் சேர்வருக்கும் இடையில் தரவைக் கொண்டுபோகும் இணைய விதிமுறைக்கு, அவசரமே இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் வழமையான அமைப்பின்படி 7200 விநாடி சத்தமில்லாமல் போன பிறகே "இருக்கிறாயா?" என்று விசாரிக்கும், அப்புறம் 75 விநாடி இடைவெளியில் 9 முறை கேட்டுப் பார்க்கும். ஆள் இல்லை என்று முடிவெடுக்க 2 மணி 11 நிமிடம் தாண்டிவிடும். அதுவும் நிரல் எழுதியவர் அந்த வசதியைப் போட்டு வைத்திருந்தால்தான்.

ஆகவே செயலிகள் தாங்களே அடிக்கடி நாடி பார்க்கின்றன: சின்னச் செய்தி அனுப்பி, பதில் துடிப்பு வருகிறதா என்று கவனிக்கின்றன. பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? கெடு குறுகினால், பொத்துவில் பக்கம் சிக்னல் மங்கிய போனையெல்லாம் போய்விட்டதாக அறிவிக்க வேண்டிவரும். நீண்டால் பச்சைப் புள்ளி பொய் சொல்லும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த யோசனை வருகிறது. 2004இல் ஜப்பானில் ஹயாஷிபாராவும் கூட்டாளிகளும் வெளியிட்டது. 'இருக்கிறது, இல்லை' என்று தீர்ப்புச் சொல்லாமல், சந்தேகத்துக்கு ஒரு எண் கொடுப்போம் என்றார்கள். தினமும் ஆறரைக்குத் தவறாமல் வரும் மீன்காரர் ஏழாகியும் வராவிட்டால் மனம் குறுகுறுக்கும். நினைத்த நேரம் வருபவரென்றால் எட்டு மணிக்கும் கவலைப்படமாட்டோம். இந்த முறையும் ஒவ்வொரு துடிப்பும் முன்பு எந்த இடைவெளியில் வந்தது, எவ்வளவு முன்பின்னாக வந்தது என்று நினைவில் வைத்து, இப்போதைய தாமதத்தை எடைபோடும். எண் 1ஐ எட்டியதும் 'போய்விட்டது' என்றால், அது தவறாக இருக்கும் வாய்ப்பு சுமார் 10 வீதம். 2 என்றால் 1 வீதம். 3 என்றால் 0.1 வீதம். கசாண்ட்ரா தரவுத்தளம் தன் கணினிகளைக் கண்காணிப்பது இப்படித்தான். சந்தேக எண் 8ஐத் தாண்டினால்தான் 'போய்விட்டது' என்று முடிவெடுப்பது அதன் வழமை. நல்ல வலையில் கெடு தானாகச் சுருங்கும், மோசமான வலையில் தானாக நீளும்.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு, இதையெல்லாம் சோதித்துப் பார்க்க நம் மழைக்காலமே ஓர் ஆய்வுகூடம். அந்த ஆய்வுக்கு நாலு காசு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

சரி, அம்மாவுக்கு அனுப்பிய மெசேஜ்? சேர்வர் வைத்திருந்து, போன் உயிர்பெற்றதும் கொடுக்கும். 'கிடைத்தது' என்ற பதில் வழியில் தொலைந்தால் திரும்பவும் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் இருப்பதால், இரண்டாவதாக வந்ததை அம்மாவின் போன் பேசாமல் தூக்கி எறிந்துவிடும்.