புலி சொன்னால் குழந்தை நம்பும்: சர்க்கரை பூசிய காலை உணவின் கதை

பல் சொத்தையோடு வரும் குழந்தைகளின் பெற்றோரிடம், குழந்தை மூன்று நாள் என்னென்ன சாப்பிட்டது என்று ஒரு தாளில் எழுதி வரச் சொல்வது குழந்தைப் பல் மருத்துவர்களின் வழக்கம். மிட்டாய், சாக்லேட், ஐஸ்கிரீம், கேக் எல்லாவற்றையும் பெற்றோர் மறைக்காமல் எழுதிவிடுவார்கள். அவை பல்லுக்கு ஆகாதவை என்று அவர்களுக்கே தெரியும். காலை எட்டு மணிக்கு நேரே மட்டும் "சீரியல், பால்" என்று சுருக்கமாக ஒரு வரி இருக்கும். சீரியல் என்றால் டிவித் தொடர் அல்ல, பெட்டியில் அடைத்து வரும், பாலில் போட்டுச் சாப்பிடும் தானியச் செதில். சில தாள்களில் சாயங்காலம் நாலு மணிக்கும் "கொறிக்கக் கொஞ்சம் சீரியல்" என்று இருக்கும். "மிட்டாயே குடுக்கறதில்ல டாக்டர், அப்புறம் எப்படி இவ்வளவு சொத்தை?" என்று கேட்கும் அம்மாக்களிடம் நான் முதலில் விரல் வைத்துக் காட்டுவது அந்த எட்டு மணி வரியைத்தான்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தப் பெட்டியை ஆரோக்கியமான உணவு என்று நம்ப வைக்க எழுபது வருடங்களுக்கு மேலாக மிகத் திறமையான ஆட்கள் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பைப் புரிந்துகொள்ள கெல்லாக்ஸ் நிறுவனத்தின் 'ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்' கதையைவிட நல்ல உதாரணம் இல்லை. சில நாடுகளில் இதற்கு 'ஃப்ராஸ்டீஸ்' என்று பெயர். பெட்டியில் கழுத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய டோனி என்ற புலி நிற்குமே, அதுதான்.

கதை தொடங்குவது ஒரு மருத்துவமனையில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் ஓர் ஆரோக்கிய நிலையம் நடத்திவந்தார். இறைச்சி கூடாது, மது கூடாது, எளிய தானிய உணவுதான் உடம்புக்கு நல்லது என்பது அவருடைய கொள்கை. அவரும் அவருக்குக் கீழே நிர்வாகம் பார்த்த தம்பி வில் கீத் கெல்லாக்கும் 1894இல், வேகவைத்து ஆறிப்போன கோதுமையை உருளைகளுக்கு நடுவே விட்டபோது அது மெல்லிய செதில் செதிலாக வந்தது. நோயாளிகளுக்கு அது பிடித்துப்போனது. பிறகு மக்காச்சோளத்திலும் அதையே செய்தார்கள். சர்க்கரை சேர்த்தால் நன்றாக விற்கும் என்றார் தம்பி. அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. 1906இல் தம்பி தனியாகக் கம்பெனி தொடங்கினார், இருவரும் பல வருடங்கள் கோர்ட்டில் மோதிக்கொண்டார்கள். அண்ணன் 1943இலும் தம்பி 1951இலும் இறந்தார்கள். தம்பி இறந்த மறு வருடமே, 1952இல், அந்தக் கம்பெனி 'சுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்' என்ற பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. சோளச் செதிலின் மேல் சர்க்கரைப் பூச்சு. பெயரிலேயே சர்க்கரை இருந்தது, அதை மறைக்க வேண்டிய அவசியமே அன்று யாருக்கும் தோன்றவில்லை.

சர்க்கரை பூசும் யோசனை கெல்லாக்ஸுடையது மட்டுமல்ல. 1939இல் ஃபிலடெல்ஃபியாவில் 'ரேஞ்சர் ஜோ' வந்திருந்தது, 1949இல் போட்டிக் கம்பெனியான போஸ்ட் 'சுகர் கிரிஸ்ப்' கொண்டுவந்தது. ஆனால் இனிப்பான சீரியலை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்ற நிலை வந்ததும், கடை அலமாரியில் குழந்தையின் கை எந்தப் பெட்டிக்குப் போகும் என்பதுதான் போட்டி ஆனது. அங்கேதான் விளம்பரக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

சிகாகோவைச் சேர்ந்த லியோ பர்னெட் விளம்பர நிறுவனம் கெல்லாக்ஸுக்காக நான்கு விலங்குகளை யோசித்தது: கேட்டி என்ற கங்காரு, எல்மோ என்ற யானை, நியூட் என்ற காட்டுமான், டோனி என்ற புலி. கேட்டியும் டோனியும் ஆளுக்கொரு பெட்டியில் அச்சாகிக் கடைக்குப் போனார்கள். புலிப் பெட்டி நன்றாக விற்றதால் கங்காரு ஒரு வருடத்துக்குள் காணாமல் போனது. தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற பாடகர் அடித்தொண்டையிலிருந்து உறுமி, "தே ஆர் கிரேட்!" என்று கடைசிச் சொல்லை இழுத்துச் சொன்னார். 2005இல் இறக்கும் வரை ஐம்பது வருடங்களுக்கு மேல் அந்தக் குரல் அவருடையதுதான். நாலு காலில் நடந்த புலி சீக்கிரமே இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது, தோள் அகன்றது, அதற்கு ஒரு குடும்பமும் மகனும் வந்தார்கள். பின்னாளில் பேஸ்பால், கால்பந்து, சைக்கிள் என்று பிள்ளைகளோடு விளையாடிப் பயிற்சி கொடுக்கும் அண்ணன் ஆகிவிட்டது. அதே 1950களில் டிவி வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. சூப்பர்மேன் தொடருக்கும், 1958இல் வந்த 'ஹக்கிள்பெரி ஹவுண்ட்' கார்ட்டூனுக்கும் பணம் போட்டது கெல்லாக்ஸ். கார்ட்டூனில் வந்த பாத்திரங்களே நடுவில் வந்து சீரியல் சாப்பிடச் சொன்னார்கள். கதை எங்கே முடிந்தது, விற்பனை எங்கே தொடங்கியது என்று நாலு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, விளம்பரம் என்பது நம்மை வாங்கவைக்கச் சொல்லும் பேச்சு என்பதே புரிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் அறிக்கை கொடுத்தது. 2010இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலு முதல் ஆறு வயது வரையான நாற்பது பிள்ளைகளிடம் ஒரே தின்பண்டத்தை இரண்டு பொட்டலங்களில் கொடுத்தார்கள். ஒன்றில் கார்ட்டூன் படம், இன்னொன்று வெறுமனே. படம் போட்டதுதான் ருசியாக இருக்கிறது என்றார்கள் பெரும்பாலான பிள்ளைகள். கேரட்டில் அந்த வித்தியாசம் அவ்வளவாக எடுபடவில்லை, பிஸ்கட்டிலும் கம் மிட்டாயிலும் நன்றாகவே எடுபட்டது. கடையில் அடம்பிடிக்கும் பிள்ளையை "வளர்ப்பு சரியில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை, தன்னிடம் பேசிய நண்பன் சொன்னதை நம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கதையில் எங்கள் துறைக்காரர் ஒருவர் வருகிறார். ஐரா ஷானன், ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் இருந்த பல் மருத்துவர். 1970களில் அவர் கடைக்குப் போய் 78 வகை சீரியல் பெட்டிகளை வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் எத்தனை சர்க்கரை என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தார். அப்போது பெட்டியில் அந்த அளவைப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றில் ஒரு பங்குப் பெட்டிகளில் 10 முதல் 25 சதவீதம், இன்னொரு பங்கில் 50 சதவீதம் வரை, பதினொரு பெட்டிகளில் அதற்கும் மேல். பாதிக்கு மேல் சர்க்கரையாக இருக்கும் ஒன்றுக்குக் காலை உணவு என்று பெயர்!

அந்த எண்கள் வெளியே வந்தபின் விவகாரம் அரசாங்கம் வரை போனது. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையத்தில் 1978இல் ஒரு முன்மொழிவு தயாரானது. எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் டிவியில் எந்த விளம்பரமும் கூடாது, பல்லுக்கு மிக ஆபத்தான சர்க்கரைப் பண்டங்களின் விளம்பரத்தைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் காட்டக் கூடாது என்றது அது. சொத்தைப் பல்லை முன்வைத்து ஒரு நாடு விளம்பரத்தைத் தடுக்கப் பார்த்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். நடக்கவில்லை. சீரியல், மிட்டாய், பொம்மை, டிவி, விளம்பரத் தொழில்கள் ஒன்றாகத் திரண்டன, அரசாங்கம் நாட்டுக்கே ஆயா வேலை பார்க்கப் போகிறதா என்று 'வாஷிங்டன் போஸ்ட்' தலையங்கம் கேட்டது, 1980இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆணையத்தின் அதிகாரத்தைக் குறைத்துச் சட்டம் போட்டது. 1981இல் கோப்பு மூடப்பட்டது.

அந்த 1980களில்தான் பெட்டிகளின் பெயரில் இருந்த 'சுகர்' ஒவ்வொன்றாக உதிர்ந்தது. 'சுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்' வெறும் 'ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்' ஆனது. உள்ளே சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. இன்றும் அந்தச் சீரியலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான். அதே சமயம் பெட்டியின் முன்பக்கத்தில் விட்டமின், இரும்புச்சத்து, முழுதானியம் என்று பெரிய எழுத்துகள் ஏறின. சர்க்கரையை மறக்கடிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை, விட்டமின் என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மாவின் கை தானாக நீண்டுவிடும். 2009இல் கெல்லாக்ஸின் இன்னொரு சீரியலான 'ஃப்ராஸ்டட் மினி வீட்ஸ்' பிள்ளைகளின் கவனத்தை ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டுவதாக விளம்பரம் செய்தது பிரச்சினையானது. ஆய்வில் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் ஏதாவது முன்னேற்றம் இருந்தது, 20 சதவீதமோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் ஒன்பதில் ஒருவர். அதுவும் காலையில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு. என்ன சாப்பிட்டிருந்தாலும் பட்டினியைவிட மேல்தானே? அதே வணிக ஆணையம் தலையிட்டு அந்த விளம்பரத்தை நிறுத்த வைத்தது.

பிற நாடுகள் புலியையே பிடித்தன. சிலி நாடு 2016இல், சர்க்கரை அதிகமுள்ள பெட்டியின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கி, அப்படிப்பட்ட பெட்டிகளில் கார்ட்டூன் பாத்திரம் கூடாது என்றது. டோனி அங்கே பெட்டியிலிருந்து இறங்கினார். மெக்சிகோவும் அதே வழியில் போய், 2022 ஜனவரியில் கார்ட்டூன் படம் போட்ட 3,80,000 கெல்லாக்ஸ் பெட்டிகளைப் பறிமுதல் செய்தது. அதே வருடம் பிரிட்டனில், சீரியலைப் பாலோடுதான் சாப்பிடுகிறார்கள், எனவே பாலையும் சேர்த்துத்தான் சர்க்கரையைக் கணக்கிட வேண்டும் என்று கெல்லாக்ஸ் கோர்ட்டுக்குப் போனது. பால் ஊற்றுவதால் சீரியலில் இருக்கும் சர்க்கரை குறைந்துவிடாது என்று தீர்ப்பு வந்தது. எந்தப் பல் மருத்துவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

நம் நாட்டுக்கு கெல்லாக்ஸ் 1994இல் வந்தது. சூடான பாலை ஊற்றிச் சாப்பிடும் நம் பழக்கத்தில் சோளச் செதில் நொடியில் கூழாகிவிட, எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை. சில வருடங்களில் பிள்ளைகளைக் குறிவைத்து 'சாக்கோஸ்' வந்தது, பெட்டியில் கோகோ என்ற கரடி. புலி செய்த அதே வேலையை இங்கே கரடி செய்கிறது. இப்போது உள்ளூர்க் கம்பெனிகளும் அதே மாதிரிப் பெட்டிகளைக் கொண்டுவந்துவிட்டன. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை, கொழுப்பு, உப்பு மிகுந்த உணவை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டிருக்கிறது. நல்ல விதிதான். பிள்ளையின் கையில் இருக்கும் போனுக்கு அந்த 50 மீட்டர் பொருந்தாது.

சரி, பல்லுக்கு வருவோம். வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையையும் நன்கு வெந்த மாவுச்சத்தையும் தின்று அமிலம் விடுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (pH) எண் 5.5க்குக் கீழே இறங்கினால் பல் கரையத் தொடங்கும் (எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்), எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் வரை ஆகும். ஒட்டாத பண்டம் சீக்கிரம் கழுவப்பட்டுவிடும். சீரியல் அப்படியல்ல, மென்றதும் பசையாகிக் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். காலையில் முதல் ஆளாக வரும் பிள்ளையின் கீழ்க் கடைவாய்ப் பல்லைக் கூர்மையான கருவியால் மெல்லச் சுரண்டினால், பழுப்பு நிறக் களிம்பு கம்பி முனையில் ஒட்டிக்கொண்டு வரும். அதை அம்மாவிடம் காட்டுவேன். "சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சே டாக்டர்" என்பார்கள். ஒரு மணி நேரமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. இதில் சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே உலர்ந்த சீரியலை ஒவ்வொன்றாகக் கொறிப்பதுதான் மிக மோசம். ஒவ்வொரு வாய்க்கும் அமிலம் புதிதாகச் சுரக்கும். பால் பல்தானே, விழப்போகிறதுதானே என்று விடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை.

கடையில் பெட்டியை எடுத்ததும் திருப்புங்கள். '100 கிராமுக்கு' என்ற பத்தியில் 'டோட்டல் சுகர்ஸ்', 'ஆடட் சுகர்ஸ்' என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். 'ஒரு வேளைக்கு' என்ற பத்தியை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் 30 கிராமுக்கானது, வீட்டில் யாரும் 30 கிராமோடு நிறுத்துவதில்லை. பிரிட்டனில் 100 கிராமுக்கு 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு அடையாளம் போடுவார்கள், 5 கிராமும் அதற்குக் கீழேயும் பச்சை. அந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சேர்த்த சர்க்கரை நாளைக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க இதயச் சங்கம், இரண்டு வயதுக்குக் கீழே அறவே வேண்டாம் என்கிறது. ஒரு கிண்ணம் சீரியலே அதில் பாதியைத் தின்றுவிடலாம்.

ஏற்கெனவே பழகிய பிள்ளையிடம் ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரணகளமாகும், அது எனக்கும் தெரியும். சர்க்கரை சேர்க்காத சோளச் செதிலையோ ஓட்ஸையோ பாதிக்குப் பாதி கலந்து, வாரா வாரம் இனிப்புச் சீரியலைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொடுங்கள், கொறிக்கக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும், கிண்ணத்தில் மிஞ்சிய இனிப்புப் பால் இல்லாமல், சர்க்கரை போடாத பால் தனியாகக் கொஞ்சம் குடிக்கட்டும். சிகாகோவில் 2013இல் செய்த ஓர் ஆய்வில், இனிப்புச் சீரியலுக்குப் பிறகு பால் குடித்தவர்களின் பல்லில் அமிலம் நன்றாகத் தணிந்தது, தண்ணீருக்கு அவ்வளவு பலன் இல்லை, ஆப்பிள் ஜூஸுக்குப் பலனே இல்லை. இரவு படுக்குமுன் ஃப்ளூரைடு பேஸ்ட்டில் நீங்களே பல் தேய்த்துவிடுங்கள்: மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. அடுத்த தடவை கிளினிக்குக்கு வரும்போது வீட்டில் இருக்கும் சீரியல் பெட்டியின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே படிக்கலாம்.