வேய்ந்தான்குளத்துக்கு 45 பைட்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் குழுவிடம் நெல்லைக் குளங்களின் பழைய ஷேப்ஃபைல் (வரைபடத் தரவுக் கோப்பு) ஒன்று இருக்கிறது. பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அவற்றை யூனிகோடாக மாற்றினோம். இப்போது பாதிப் பெயர்கள் அறுந்துபோய், கடைசியில் கேள்விக்குறி நிற்கிறது. ஜியோபேக்கேஜ் என்ற புதிய வகை வரைபடக் கோப்புக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?"

அறுந்த பெயர் சரியாகாது. ஆனால் முதலில் ஜியோபேக்கேஜ், அப்புறம் யூனிகோடு என்று வரிசையை மாற்றியிருந்தால் ஒரு பெயர்கூட அறுந்திருக்காது.

பெயர்தானே, குளத்தின் எல்லைக்கோடு பத்திரமாக இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த நேரத்தில் கரை உடைந்தது என்று போன் செய்தவர் யாரும் அட்சரேகை தீர்க்கரேகை சொல்லியிருக்க மாட்டார். குளத்தின் பெயரைத்தான் சொல்லியிருப்பார். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு மறுகால் பாயும் நாட்டில் பெயர்தான் முகவரி.

ஷேப்ஃபைல் என்பது 1990களில் எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனம் கொண்டுவந்த கோப்பு வடிவம். ஒரே கோப்பு போலப் பேசினாலும் அது ஒரு குடும்பம். குளத்தின் வடிவம் ஒரு கோப்பில், எந்த வடிவம் எங்கே தொடங்குகிறது என்பது இன்னொன்றில், பெயர், பரப்பு போன்ற விவரங்கள் டிபிஎஃப் என்ற மூன்றாவதில். எந்த ஆயத்தொலைவு முறை என்று சொல்லும் பிஆர்ஜே நான்காவது. அது தொலைந்துபோய், தரவு பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டதாகவும் இருந்தால், குளம் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் உட்கார்ந்துவிடும். இதைத் திருத்துவதற்குத் தெரிந்த சூத்திரங்கள் உண்டு. பெயருக்கு அப்படி எதுவும் இல்லை.

டிபிஎஃப் 1980களின் டிபேஸ் மென்பொருளிலிருந்து வந்தது. அது ஓர் அட்டவணை. அதில் ஒவ்வொரு பத்திக்கும் (நெடுவரிசைக்கும்) அகலம் முன்கூட்டியே நிர்ணயம். 'பெயர்' பத்திக்கு 20 பைட் (கணினிச் சேமிப்பின் சிறிய அலகு, ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒன்று) என்றால் எல்லாக் குளத்துக்கும் 20 பைட். பெயர் சிறிதாக இருந்தால் மீதியை வெற்றிடம் நிரப்பும். 700-வது குளம் எங்கே என்று தேடவே வேண்டாம், ஒரு பெருக்கல் போட்டால் நேராக அங்கே போய் நிற்கலாம். அன்றைய கணினிக்கு இது நல்ல ஏற்பாடு.

பாமினியில் அடித்தவரையில் இடமும் போதுமானதாக இருந்தது. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான் சேமிக்கிறது, திரையில் தமிழ் முகம் மாட்டிவிடுகிறது. 'குளம்' என்பது அங்கே எஃப், எஸ், கே, அரைப்புள்ளி என்று நான்கே பைட். வேய்ந்தான்குளம் 14 பைட். (நெல்லையில் புதிய பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடம் அதுதான்.) 20க்குள் தாராளமாக அடங்கியது.

யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது கணக்கு மாறுகிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு 3, காலுக்கோ கொம்புக்கோ தனியாக 3, புள்ளிக்கும் தனியாக 3. வேய்ந்தான்குளம் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, கணினிக்கு 15 குறி, ஆக 45 பைட். 20 பைட் கட்டத்தில் 'வேய்ந்' வரைக்கும் 18 பைட் போய்விடும். மிச்சம் இரண்டு. அடுத்து வரும் 'த'வுக்கு மூன்று வேண்டும். பைட்டை மட்டும் எண்ணி வெட்டும் மென்பொருள் அந்த 'த'வை நடுவில் அறுத்துவிடும். வாசகி பார்த்த கேள்விக்குறி அந்த மூன்றில் இரண்டு பங்கு 'த'தான். நயினார்குளம் இன்னும் பாவம்: 'நயினார'வோடு நின்றுவிடும், புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு இடமில்லை.

பத்தியை அகலமாக்கலாமே என்றால், 254 பைட் வரை ஆக்கலாம்தான். பத்தியின் தலைப்புக்கு அந்த வழியும் கிடையாது, 10 பைட்டோடு சரி. 'குளம்' என்று தமிழில் தலைப்பு வைக்கவே முடியாது, அது 15 பைட். ஆங்கிலத்தில் திருநெல்வேலி என்று எழுதினால் 11 எழுத்து, கடைசி எழுத்து விழுந்துவிடும். வெள்ளைக்காரர் எழுதிய டின்னவெல்லி மட்டும் சரியாகப் பத்து எழுத்தில் அடங்குகிறது. இதைக் கண்டபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

ஜியோபேக்கேஜ் 2014-இல், புவித்தகவல் தரநிலைகளை வகுக்கும் ஓஜிசி அமைப்பு ஏற்ற தரநிலை. எல்லாம் ஒரே கோப்பு, உள்ளே இருப்பது எஸ்கியூலைட் தரவுத்தளம். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இங்கேதான் இருக்கிறது. எஸ்கியூலைட் ஒவ்வொரு வரிசையின் தலையிலும், பின்னால் வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் எண்ணை எழுதி வைக்கிறது. எழுத்து என்றால் பைட் நீளத்தை இரண்டால் பெருக்கி 13 கூட்டு. வடிவம் போன்ற பைனரி என்றால் இரண்டால் பெருக்கி 12 கூட்டு. வேய்ந்தான்குளத்துக்கு 45 × 2 + 13 = 103. படிக்கும்போது 103 ஒற்றைப்படை, ஆகவே எழுத்து. 13 கழித்துப் பாதியாக்கு, 45 பைட். இரட்டைப்படையாக இருந்திருந்தால் பைனரி. வகையும் நீளமும் ஒரே எண்ணில்! அந்த 103 ஒரே பைட்டில் அடங்கியும் விடுகிறது. இங்கே பெயர் தன் நீளத்தைத் தானே சொல்லிக்கொண்டு வருவதால் எல்லாருக்கும் ஒரே அளவில் கட்டம் அடிக்க வேண்டிய தேவை இல்லை. எத்தனை வருஷம் கழித்துப் படித்தாலும் எனக்கு இந்தக் கணக்கு அழகாகத்தான் தெரிகிறது.

சரி, செய்ய வேண்டியது இது. பாமினியில் இருக்கும் மூல ஷேப்ஃபைலை அப்படியே, ஓர் எழுத்தையும் தொடாமல், ஜியோபேக்கேஜாக்குங்கள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். மாற்றும்போது பழைய 20 என்ற அகலமும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும், அதை நீக்கிவிடுங்கள். அதன் பிறகு யூனிகோடாக்குங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம்.

புதிதாகப் படம் பிடிக்க டிரோனுக்கும் செயற்கைக்கோளுக்கும் காசு ஒதுக்குகிறோம், நல்லதுதான். ஏற்கெனவே கையில் இருக்கும் தரவை உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்க்கிறவருக்கு இரண்டு மாதச் சம்பளம் ஒதுக்கும் திட்டத்தை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் குளம் தெரியும், அதன் பெயர் தெரியாது.

வாசகிக்கு ஒரு வார்த்தை. பாமினி மூலம் உங்களிடம் இல்லையென்றால், அந்தக் கோப்பை முன்பு யாருக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பினீர்கள் என்று தேடிப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், மாற்றிய கோப்பில் சரியாக 18 முதல் 20 பைட்டில் முடியும் பெயர்களைத் தனியே பிரித்தெடுங்கள். அறுந்தவை எல்லாம் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கும். அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு, அந்தந்தக் குளத்துக்கு மடை திறந்துவிடும் நீர்க்கட்டியையோ ஊர்ப் பெரியவரையோ பார்த்துக் கேளுங்கள். அவர் சொல்லும்போதே தமிழில் முழுப்பெயராக எழுதிக்கொள்ளுங்கள்.