"புழக்கத்தில் இல்லாத காசு"ன்னா அன்சர்குலேட்டட் ஆகாதுங்க

தெரிஞ்சவர் ஒருத்தர் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினார். 1799-ம் வருஷத்து அமெரிக்க வெள்ளி டாலர். அதுல இருக்குற லிபர்ட்டிங்கற பொண்ணு உருவத்தோட நெத்திக்கு மேல முடி வழவழன்னு தேஞ்சு போயிருக்கு, பின்பக்கம் கழுகுக்கு மேல இருக்குற மேகமெல்லாம் மழுங்கி ஒரே திட்டா கெடக்கு. கூடவே ஒரு கேள்வி: "புழக்கத்தில் இல்லாத நாணயம்னு எழுதியிருக்காங்க, அதனாலதான் விலை ஜாஸ்தியாம், வாங்கலாமா?"

இந்த மொழிபெயர்ப்பை எத்தனை தடவைதான் பாக்குறது! அன்சர்குலேட்டட்ங்கற இங்கிலீஷ் சொல்லுக்கு எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் போடுறாங்க.

சர்குலேட்ங்கற சொல்லுக்கு மூலம் லத்தீன்ல சர்குலஸ், சின்ன வட்டம்னு அர்த்தம், கை மாறி கை மாறி சுத்தி வர்றது. அன்சர்குலேட்டட்னா அக்கசாலையில, அதாவது காசு அடிக்கிற எடத்துல, அடிச்சு வெளிய வந்த நாள்லேருந்து ஒரு தடவை கூட கடைக்கோ சந்தைக்கோ போகாத காசு. அவ்வளவுதான் விஷயம்.

"புழக்கத்தில் இல்லாத"ன்னா தமிழ்ல நமக்கு என்ன தோணும்? முன்னாடி புழங்குச்சு, இப்போ இல்ல. அப்படிப் பாத்தா 1799 டாலர்ல இன்னிக்கு எது புழக்கத்துல இருக்கு? தேஞ்சு ஓடா போனதும் சரி, அடிச்ச அன்னிக்கு இருந்தபடியே இருக்குறதும் சரி, ரெண்டும் புழக்கத்துல இல்லாததுதான். ரெண்டுக்கும் நடுவுல விலை பல மடங்கு வித்தியாசப்படுது, அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் அந்தச் சொல்லே இருக்கு, அதையே இந்த மொழிபெயர்ப்பு அழிச்சிருது. வாங்குறவன் ஏமாற இது ஒண்ணே போதும்.

இன்னும் சிலர் "செல்லாத காசு"ன்னு எழுதுறாங்க, அது அதைவிடத் தப்பு. 1965-ம் வருஷத்து அமெரிக்க நாணயச் சட்டப்படி அந்த நாட்டுப் பழைய காசெல்லாம் இன்னமும் செல்லும், நடுவுல ஆசிய வியாபாரத்துக்குன்னு அடிச்ச டிரேட் டாலர்னு ஒண்ணுக்கு மட்டும் 1876-ல அந்தத் தகுதியை எடுத்தாங்க, 1965-ல அதுக்கும் திரும்பக் குடுத்தாச்சு.

தூய தமிழ்னு சொல்லி "சுழற்சியுறா நாணயம்"னு ஒண்ணு உலாத்துது. தரையில சுண்டி விட்டா சுத்தாத காசோன்னுதான் படிக்கிறவன் நினைப்பான். எனக்கும் தமிழ்ச் சொல்தான் வேணும், ஆனா அகராதியில வேர் பாத்து ஒட்டின சொல் வேண்டாம், வீட்டுல பேசுற சொல்லா இருக்கணும். புழங்குற பாத்திரம், புழங்குற ரூம்னு தினமும் சொல்றோமே, புழங்குறதுன்னா கை பட்டு உபயோகத்துல தேயிறது. அதுலேருந்தே எடுக்கலாம்: புழக்கம் காணாத காசு. "புழங்காத காசு"ன்னு சுருக்கினா இப்போ புழங்கலங்கற அர்த்தமும் உள்ள வந்துரும், அதனால "காணாத" அவசியம். புதுத் துணிக்குச் சொல்ற "கோடி"யையும் யோசிச்சுப் பாத்தேன், கோடிக் காசுன்னா யாருக்கும் நூறு லட்சம்தான் ஞாபகம் வரும்.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவுன்னா, பழைய வெள்ளிக் காசுல வயசு மட்டும் விலையைத் தீர்மானிக்காது. 1799 டாலர் அந்தக் காலத்து டாலர்லயே அதிகமா கிடைக்கிறது. எத்தனை மிஞ்சியிருக்கு, எவ்வளவு தேயாம மிஞ்சியிருக்குங்கறதுதான் கணக்கு. 1807-லேருந்து 1836 வரைக்கும் அடிச்ச அரை டாலர்கள்ல நிறைய, பேங்க் பெட்டகத்துல மூட்டை மூட்டையா இருப்பா கெடந்துச்சு, கடைக்குப் போகாம பேங்குக்கு பேங்க் போச்சு, அதனால அந்த வகையில நல்ல காசு இன்னிக்கும் கிடைக்குது. 1794 டாலரோ அக்டோபர் 15 அன்னிக்கு வெளிய குடுத்ததே 1,758 காசு, அதுல ரொம்ப நல்ல நிலையில இருந்த ஒண்ணு 2013-ல ஒரு கோடி டாலருக்கு மேல ஏலம் போச்சு.

தரம் சொல்ல 1949-ல ஷெல்டன்னு ஒரு அமெரிக்க நாணய சேகரிப்பாளர் அளவுகோல் போட்டார், 1-லேருந்து 70 வரைக்கும். அதுல 60-லேருந்து மேலதான் புழக்கம் காணாதது. 50-லேருந்து 58 வரை ஏயூ, அதாவது அபவுட் அன்சர்குலேட்டட், அதுக்கு "லேசாப் புழங்கியது"ன்னு சொன்னா போதும், "ஏறத்தாழப் புழக்கத்தில் இல்லாதது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், படிச்சா தலையும் புரியல வாலும் புரியல.

கண்ணால பாக்கணும்னா காசை விளக்குக்குக் கீழ மெல்ல சாய்ச்சுத் திருப்புங்க. அச்சு அழுத்தும்போது வெள்ளி வெளிப்பக்கமா வழிஞ்சு மெல்லிசு மெல்லிசா கோடு விழுந்திருக்கும், அதுல பட்ட வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி சுத்தி வரும். புழங்கினா மேடான இடத்துல முதல்ல அதுதான் போகும். வீட்டு வெள்ளி விளக்கு மாதிரி விபூதி போட்டுத் தேச்சாலும் பளபளப்பு வருமே தவிர அந்தச் சக்கரம் திரும்ப வராது, விலையும் சேந்து போயிரும். ஆனா நாணயத்துக்குக் குறுக்க அரம் போட்ட கோடு இருந்தா பயப்பட வேணாம், எடை கூடுன தகட்டை அடிக்கிறதுக்கு முன்னாடி அக்கசாலைக்காரங்களே ராவினது அது, தேய்மானத்துல சேராது.

கேட்டவருக்கு இதைத்தான் சொன்னேன்: நெத்தி முடி தேஞ்ச காசு நல்லாப் புழங்கின காசு, அந்த விலைக்குத் தந்தா வாங்குங்க, புழக்கம் காணாத காசு விலை கேட்டா விட்டுடுங்க.