கசிவை விரலால் தேடாதீர்கள்

காலபோக உழவு தொடங்கப்போகிறது என்றால் என் பட்டறை வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசை கட்டிவிடும். போன முறை இரணைமடுப் பக்கமிருந்து வந்த ஒன்றில், பின்னால் இழுக்கும் பெட்டியைத் தூக்கும் ஹைட்ரோலிக் குழாயை, அதாவது அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் குழாயை, சைக்கிள் டியூப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். ஓட்டி வந்த தம்பி இயந்திரத்தை ஓட விட்டுக்கொண்டே, "இந்த இடம்தான் அண்ணை, கையை வைத்தால் தெரியும்" என்று விரலை நீட்டினான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

முன் ரயருக்கு 30 இறாத்தல் (psi) அளவில் காற்று அடிக்கிறோம். பாரம் தூக்கும்போது அந்தக் குழாய்க்குள் 2000 இறாத்தலைத் தாண்டும். தோலைத் துளைக்க 100 இறாத்தலே போதும். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் கண்ணில் படாது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நொசிலும் இப்படித்தான். அதை உள்ளங்கையில் பீய்ச்சிச் சோதிக்கும் மெக்கானிக்மாரை நானே பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் உள்ளே போன காயம் காரை முள் குத்தியதுபோல ஒரு புள்ளியாக இருக்கும். முதலில் வலியும் பெரிதாக இராது. அதனால்தான் வேலையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். இரவுக்குள் விரல் வீங்கி, உள்ளே தசை அழுகத் தொடங்கும்; விரலையே எடுக்க நேரலாம். சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து எண்ணெயைக் கழுவி எடுக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் "கையில் குத்திவிட்டது" என்று மட்டும் சொன்னால் ஏற்பு ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். "அழுத்தத்தில் இருந்த எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள்.

கசிவைத் தேட நீளமான கார்ட்போர்ட் துண்டு போதும். நனைகிற இடம் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கழற்றுவதற்கு முன் பெட்டியை இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, பெட்டியைத் தூக்கி இறக்கும் நெம்பைப் பலமுறை முன்பின் அசைத்து அழுத்தத்தை விடுங்கள். தூக்கிய பெட்டிக்குக் கீழே இரும்புத் தாங்கி கொடுக்காமல் நான் தலையை நுழைப்பதில்லை.

புதுக் குழாயின் முதுகில் நீளவாக்கில் அச்சடித்த கோடு ஒன்று ஓடும். பூட்டியபின் அது சுருண்டு நின்றால் குழாய் முறுக்குப்பட்டிருக்கிறது. கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். இழுத்துக் கட்டவும் கூடாது, அழுத்தம் ஏறும்போது குழாய் கொஞ்சம் குறுகும். டீசல் வழிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைப் போடுகிறவர்களுக்கு ஒரே பேச்சு: அது ஊதிப்போய்க் கழன்றுவிடும்.

தம்பியின் டியூப்பை வெட்டியபோது உள்ளே கம்பிப் பின்னல் துருவேறி, தொட்டதும் உதிர்ந்தது. முனைகளில் இரும்பு மூட்டு அழுத்திப் பொருத்திய புதுக் குழாய்க்கு வவுனியாவுக்கு ஓடவேண்டும், ஒரு நாள் உழவு போகும் என்று முணுமுணுத்தான். போகத்தான் செய்தது. மறுநாள் பின்னேரம் பூட்டி அனுப்பினேன்.