வண்டியை நகர்த்த முன் நாலு படம்

கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வரும் வீதியில் லொறியும் மோட்டார் சைக்கிளும் மோதினால், ஓடி வருகிற சனம் முதலில் காயப்பட்டவரைத் தூக்கும். அது சரி. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119. அடுத்ததாக வண்டிகளை ஓரங்கட்டுவார்கள். பாதி வழக்கு அங்கேயே கெட்டுப்போகும்.

பொலிஸார் வரைபடம் கீறும்போது மின்கம்பம், மதகு, கிலோமீற்றர் கல் என்று அசையாத இடத்திலிருந்துதான் நாடா பிடிக்கிறார்கள். வண்டி நகர்ந்துவிட்டால் அளக்க என்ன இருக்கிறது? உயிருக்கு ஆபத்து, வீதி முழுதாக அடைபட்டது என்றால் நகர்த்தத்தான் வேண்டும். அதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், சில்லு நின்ற இடங்களைச் சோக்கட்டியாலோ செங்கல் துண்டாலோ அடையாளமிடுங்கள். கிட்டத்தில் எடுத்த படம் மட்டும் போதாது. கம்பமோ மதகோ தெரிய எட்ட நின்றும் ஒன்று வேண்டும்.

மோதிய இடம் கண்ணாடித்தூள் கிடக்கிற இடம் என்று நினைப்பது வழக்கமான பிழை. தூள் முன்னோக்கிப் பறந்திருக்கும். தாரில் இரும்பு கிண்டிய புதுக் கீறலும், மட்கார்டின் அடியிலிருந்து உதிர்ந்த காய்ந்த சேறும்தான் இடத்தைச் சரியாகக் காட்டும். சேற்றை ஒரு மழை கழுவிவிடும்.

காய்ந்த தாரில் சில்லெல்லாம் இறுகி 25 மீற்றர் இழுபட்ட தடம் இருந்தால், பிரேக் பிடித்தபோது வேகம் குறைந்தது 65 கிலோமீற்றர் அளவில். இழுபட்டு, பிறகும் மோதியிருந்தால் அதைவிடக் கூட. நிலாவெளிப் பக்கம்போல் வீதியில் கடல்மணல் படிந்திருந்தால் இதே கணக்குப் பொருந்தாது, வழுக்கல் கூடும். ஆகவே மணலையும் படத்தில் காட்டுங்கள்.

இரவு விபத்தென்றால் வாக்குவாதம் எப்போதும் ஒன்றுதான்: "லைற் போடாமல் வந்தவன்." பழைய வகை பல்ப் என்றால் அதுவே சாட்சி. எரிந்துகொண்டிருந்தபோது அடிபட்டால் உள்ளேயிருக்கும் கம்பி சூட்டில் இளகி நீண்டு வளைந்திருக்கும்; அணைந்திருந்தால் நறுக்கென்று முறிந்திருக்கும். லைற் வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது சுவிட்சைப் போட்டால் அந்தச் சாட்சியும் போச்சு. எல்ஈடி விளக்கில் இந்த வழி கிடையாது.

"பிரேக் பிடிக்கவில்லை" என்ற பேச்சைத் தீர்ப்பவர் மோட்டார் வாகனப் பரிசோதகர். வெடித்த பிரேக் குழாயின் முறிவு பளிச்சென்றிருந்தால் மோதலில் போனது. உள்ளே துரு ஏறியிருந்தால் முன்பே பலவீனமானது. உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் இந்தத் துரு புதினமில்லை. அவர் பார்த்து முடியும்வரை கராஜில் ஆணியைக்கூடக் கழற்றவேண்டாம்.

சாரதி வண்டியை நிறுத்த வேண்டும், உதவ வேண்டும், கிட்டிய பொலிஸ் நிலையத்தில் அறிவிக்க வேண்டும். "நாங்களே பேசித் தீர்ப்போம்" என்று கைகொடுத்துப் பிரிகிற இடத்தில்தான் சிக்கல்: வயிற்றடி, தலையடி சிலவேளை அடுத்த நாள்தான் தெரியவரும். காப்புறுதிக்கும் அதே இடத்திலிருந்தே அழையுங்கள்.

மரணம் நேர்ந்தால் திடீர் மரண விசாரணை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, நீதவான் நீதிமன்றம் என்று போகும். கவனயீனத்தால் மரணம் என்ற குற்றத்துக்கு 5 ஆண்டுவரை சிறை. சாட்சி சொல்பவர் தமிழிலேயே சொல்லலாம். வேறு மொழியில் எழுதியிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. மோதியதைக் கண்டவர் "கண்டேன்" என்று சொல்லட்டும். சத்தம் கேட்டுத் திரும்பியவர், திரும்பியபோது எந்த வண்டி எந்தப் பக்கம் கிடந்தது என்பதை மட்டும் சொல்லட்டும்.